மழை கடந்ததும் கிழக்கே திரும்புங்கள்

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் நின்று மழை மேகத்தைப் படமெடுப்பவருக்கு, நிலமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரையொட்டி வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்கே பச்சைமலை. கிழக்கே அரியலூர்ப் பக்கம் பெரிய மறைப்பில்லாத மானாவாரிக் காடு. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் சூடு மேலெழுந்து, மாலையில் மேகமாகத் திரண்டு இடியோடு இறங்குகிறது. சித்திரை, வைகாசியின் கோடை மழையும் ஆவணி, புரட்டாசியின் மாலை மழையும் பெரும்பாலும் மேற்கே கட்டிக் கிழக்கே நகர்பவை. வெயிலும் அந்நேரம் மேற்கே சாய்ந்திருக்கும். மழையும் வெயிலும் ஒரே திசையில் நிற்கும் இந்தப் பொருத்தத்தில்தான் இப்பகுதி மழைப்படங்களின் அழகு அடங்கியிருக்கிறது.

"மேக்க கருக்கிட்டு வருது" என்று யாராவது சொன்னதும் கைப்பேசிகள் மேலெழும். சூரியன் மேகத்துக்குப் பின்னால் போயிருப்பதால் உச்சி விளிம்பில் மட்டும் வெள்ளிக் கோடு ஓடும். அடிவயிறு மையாக இருண்டிருக்கும். அதன் கீழே மழைக்கால் இறங்குவதைக் கவனியுங்கள். அது நேராக இறங்குவது அபூர்வம். சாய்வின் போக்கிலேயே காற்றின் வேகம் தெரியும். சில கால்கள் தரையைத் தொடாமல் பாதியிலேயே காற்றில் கரைந்துவிடும். மலையும் ஒரே அடியாக மறைவதில்லை. தூரத்துச் சரிவு முதலில் அழியும், அடுத்து நடுச்சரிவு, கடைசியாக அடிவாரத்து மரங்கள். இந்த வரிசை படத்தில் பதிந்தால் மழை நம்மை நோக்கி நடந்து வருவது தெரியும். கைப்பேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டி, கருமேகத்தை வெறும் சாம்பலாக்கிவிடும். திரையில் மேகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

இருட்டிய பிறகு கொடிமின்னல். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி ஷட்டரைப் பத்து வினாடி திறந்துவைத்தால், அதற்குள் வெட்டும் மின்னல் தானே பதிந்துகொள்ளும். ஒரே வெட்டாகக் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மூன்று நான்கு வெட்டுகள். ஒரே தடத்தில், வினாடியின் சிறு பின்னங்களுக்குள் அடுத்தடுத்து இறங்குபவை. அதனால்தான் மின்னல் துடிப்பதுபோல் தெரிகிறது. பலத்த காற்று அந்தத் தடத்தை நகர்த்தினால் படத்தில் கோடுகள் பக்கம் பக்கமாக விழுந்து நாடாவாக விரியும். கிளைகளின் போக்கும் கதை சொல்லும்: கீழ்நோக்கிப் பிரிந்தால் மேகத்திலிருந்து கிளம்பியது, மேல்நோக்கிப் பிரிந்தால் உயர்ந்த கோபுரம் ஏதோ ஒன்றிலிருந்து எழுந்தது. இந்த நயத்தையெல்லாம் கூரைக்குள் இருந்தே ரசிக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் இடி கேட்டாலே திறந்த வெளியும் பனைமரத்தடியும் ஆகாது.

பலர் இத்தோடு கைப்பேசியை உறையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு உயிரான நேரம் அதற்குப் பின்தான் தொடங்குகிறது. பொழுது சாய்வதற்குள் மழை கடந்துவிட்டால், மேற்கே மேகத்தின் அடி விளிம்புக்கும் மலைக்கும் நடுவே ஓர் இடைவெளி திறக்கும். அதன் வழியே வெயில் படுக்கைவாட்டில் பாயும். அப்போது கிழக்கே திரும்ப வேண்டும். போய்க்கொண்டிருக்கும் மேகம் அங்கே கருநீலச் சுவராக நிற்க, அதன் முன்னால் ஒற்றை வேம்பு, மின்கம்பி, நனைந்த கொக்கு என எல்லாமே மஞ்சளாகச் சுடர்விடும். வானவில்லும் அந்தப் பக்கமே. சூரியன் தாழத் தாழ வில் உயரும். 42 பாகைக்கு மேல் சூரியன் நின்றால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு வில்லே தெரியாது. வில்லின் உட்புற வானம் வெளிப்புறத்தைவிட வெளுத்திருப்பதையும், இரண்டாவது வில் எழுந்தால் அதில் நிறங்கள் தலைகீழாக அடுக்கப்பட்டிருப்பதையும் நிதானமாகப் பாருங்கள்.

மண்ணும் அந்த நேரத்தில் வேறாகிவிடும். காய்ந்த கரிசல் படத்தில் சாம்பலாகத்தான் விழும். நனைந்த பிறகே அதன் உண்மையான கறுப்பு வரும். கல்லும் அப்படியே. பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும் அதன் மதில், மழை நின்ற மாலையில் ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் தனித்தனியாகக் காட்டும். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமாகக் கிடக்கும் கல்மரத்துக்கு வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். ஈரம் பட்டால் அதன் நிறம் ஆழ்ந்து, ரேகைகள் துலங்கும். சிறுவாச்சூரிலேயே மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அந்த நாளில் மழை பிடித்தால், மாவிளக்குத் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு விரையும் பெண்களும் ஈரத் தரையில் நீண்டு விழும் கடை வெளிச்சமும் சேர்ந்து, வேறெந்த ஊருக்கும் இல்லாத படத்தைத் தரும்.

மேகம் எப்போதும் இத்தனை எளிதாகப் படத்தில் அகப்பட்டதில்லை. 1858இல் புகைப்படக் கலைஞர் லினேயஸ் டிரைப் திருச்சியையும் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். அன்றைய நெகட்டிவ் நீல ஒளிக்கு மிகையாக வினைபுரியும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் அவர் தம் நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அத்தனை பெரிய கலைஞருக்கு அகப்படாத மேகம் இன்று வயல் வரப்பில் நிற்கும் கல்லூரி மாணவரின் கைக்குள் அப்படியே வந்து விழுகிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பொழுதுபோக்காகப் படமெடுக்கும் உள்ளூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மேகத்தை மட்டும் தனியே வெட்டி எடுக்காதீர்கள். ஊரின் ஓர் அடையாளத்தையும் சேர்த்து நிறுத்துங்கள். தேதி, நேரம், பார்த்த திசை மூன்றையும் குறித்து வையுங்கள். சிறுவாச்சூர்ப் பெரியசாமி மலைக்கோயிலின் சுடுமண் சிலைகள் 2021இல் உடைக்கப்பட்டபோது, அவற்றின் பழைய தோற்றத்துக்கு யாரோ எப்போதோ ஆசையாக எடுத்த படங்களும் சாட்சியாயின. மழை மாலையின் வெளிச்சம் சில நிமிடங்களில் போய்விடும். அதற்குள் அந்த இடத்தில் இருக்க முடிவது வெளியூர்க் கலைஞருக்கு அதிர்ஷ்டம்; இங்கேயே வாழ்பவருக்கு அது உரிமை.