விசேஷம் ஒண்ணும் இல்லையா?

கிரிவலம் போகிறவர்கள் பெரிய கோயிலில் கிளம்பி மலையின் மேற்குப் பக்கம் வரும்போது அடி அண்ணாமலை வரும். 14 கிலோமீட்டர் நடையில் கால் வலி தெரிய ஆரம்பிக்கிற இடம். அங்கிருக்கும் சிவன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருப்பது நிறைய பேர் கண்ணில் படுவதில்லை. அவர் திருவெம்பாவை பாடியது இந்த இடத்தில்தான் என்பது ஊர் நம்பிக்கை.

திருவெம்பாவையில் 20 பாட்டு. முதல் எட்டு பாட்டும் விடிகாலையில் தோழியை எழுப்பும் பாட்டு. வாசலில் நிற்கிற பெண்கள் உள்ளே படுத்திருப்பவளைப் போட்டு வாங்குகிறார்கள். காது கேட்கலையா, நேற்று அவ்வளவு பேசினாயே, இன்னுமா தூக்கம் என்று ஒரே கேலி. ஒன்பதாவது பாட்டிலேயே சிவனடியார்தான் எங்களுக்குப் புருஷனாக வரவேண்டும் என்ற வேண்டுதல் வந்துவிடுகிறது.

அந்தத் தூக்கத்துக்கு ஆன்மிக விளக்கம் உண்டு. இருக்கட்டும், பாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மார்கழியில் இதைக் கேட்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். ஒரு பெண் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தால் நமக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டுதான். தூக்கம், இல்லாவிட்டால் சோம்பேறித்தனம். வயிற்று வலியாக இருக்கலாம் என்று வாசலில் நிற்கிறவர்களுக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றுவதில்லை. மாதத்தில் மூன்று நாள் சுருண்டு படுக்கிற பெண்ணிடம் ‘ஊர்ல இல்லாத வலியா உனக்கு?’ என்று கேட்பது பெரும்பாலும் இன்னொரு பெண்தான்.

ஊரில் இல்லாத வலி இல்லை. பெயர் உள்ள வலி. எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உட்சுவரில் இருப்பது போன்ற திசு, இடம் மாறி வெளியே சினைப்பையிலும், கருக்குழாயிலும், அடிவயிற்றின் உள்சவ்விலும் வளர்கிறது. மாதா மாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் சேர்ந்து ஆடுகிறது. புண்ணாகிறது, தழும்பாகிறது, உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிப் பழுப்பு நிறத்தில் கட்டியாகிவிட்டால் அதற்கு ‘சாக்லேட் சிஸ்ட்’ என்று பெயர். இவ்வளவு இனிப்பான பெயரை ஒரு கட்டிக்கு வைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம், உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய்க்குப் பெயர் தெரியவரச் சராசரியாக 4 முதல் 12 வருஷம் ஆகிறது என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது.

பத்தில் ஒருத்திக்கு. அப்படியும் நம் ஊரில் பல பேர் இந்த வார்த்தையை முதல்முறை கேட்பது குழந்தையின்மை சிகிச்சை மையத்தில்தான். கல்யாணமாகி இரண்டு, மூன்று வருஷம் கழித்து, மாமியாரோ புருஷனோ கூட வர, டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ‘இருக்கலாம்னு சந்தேகமா இருக்கு’ என்கிறார். சந்தேகம்தான். சின்னத் திட்டுகள் ஸ்கேனில் தெரியாமல் போகும். ‘ஸ்கேன் நார்மல்’ என்றாலும் நிம்மதி கிடையாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு கெட்ட செய்திகள் ஒரே நாளில் வருகின்றன. ஒன்று வலி. இன்னொன்று, இந்த மாதமும் இல்லை.

இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் நம்மிடம் கதை இருக்கிறது. அதுதான் என் புகார்.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாள மகாராஜன் கதை வருகிறது. ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. சிவன் ஜங்கம வேஷத்தில் வந்து துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்கிறார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இளைய ராணி சல்லமாதேவி போகிறாள். அவள் தொட்டதும் அவர் குழந்தையாகிவிடுகிறார். பிறகு மறைந்துவிடுகிறார். ராஜாவுக்கு நானே பிள்ளை, ஈமக்கடனை நானே செய்வேன் என்று வாக்கு. இன்றும் வருஷா வருஷம் மாசியில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளையில்லாத ஒருவனுக்குச் சாமியே பிள்ளையாகிற ஊர்! நெகிழ்ச்சியான கதைதான். ஆனால் அது ராஜாவின் துக்கத்தைத் தீர்த்துவைக்கிற கதை. கைக்கு வந்த குழந்தை மறைந்துபோனதே, அந்த ராணியின் துக்கம் என்ன ஆயிற்று? அதற்கு ஒரு திருவிழா கிடையாது.

கார்த்திகை தீபத் திருவிழாவில் கரும்பில் தொட்டில் கட்டி, குழந்தையை அதில் போட்டு, பெற்றவர்கள் தோளில் சுமந்து மாட வீதி சுற்றுவார்கள். வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்களின் நேர்த்திக்கடன். அவர்கள் முகத்தைப் பார்த்தால் நாத்திகனுக்கும் கண் கலங்கும். அதே வீதியின் ஓரத்தில் தொட்டில் இல்லாமல் நிற்கிறவர்களுக்கு ஊர் ஒரு கேள்வி வைத்திருக்கிறது. ‘விசேஷம் ஒண்ணும் இல்லையா?’

இந்தக் கேள்வி ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தும் என்பதைப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ அளவுக்குச் சொன்ன நாவல் தமிழில் குறைவு. 2010இல் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம், வெள்ளைக்காரன் காலம். காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகி 12 வருஷம். ஒருவர்மேல் ஒருவருக்குக் கொள்ளைப் பிரியம். பிள்ளை மட்டும் இல்லை. கசப்பு மருந்து குடிக்கிறாள், வேண்டுதல் வைக்கிறாள், மலைமேல் வறடிக்கல்லைச் சுற்றுகிறாள். கடைசியில் தேர்த்திருவிழாவின் 14ஆம் நாள் ராத்திரி அவளை அனுப்பிவைக்கிறார்கள். அன்றைக்கு எதிரே வருகிற ஆண் எவனானாலும் அவன் சாமி.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். வருஷம் முழுக்கப் பொன்னாவை ‘வறடி’ என்று திட்டுகிறது ஊர். ஆனால் ஊர் சொல்லும் பரிகாரம், அவள் உடம்பில் கோளாறே இல்லை என்றால்தான் பலிக்கும்! குறை அவளிடம் என்று வாய் சொல்கிறது, அவளிடம் இல்லை என்று திருவிழா சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் அவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க யாரும் இல்லை. இது நாவலின் குறை இல்லை. அந்தக் காலத்து ஊர் அப்படித்தான் இருந்தது, ஆசிரியர் அதை அப்படியே எழுதிவிட்டார். எனக்கு வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில். 2014 கடைசியில் போராட்டம், 2015 ஜனவரியில் ‘எழுத்தாளன் செத்துவிட்டான்’ என்ற அவர் அறிவிப்பு, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அத்தனை சத்தத்திலும் ஊர் மானம் போயிற்றா, எழுத்துச் சுதந்திரம் போயிற்றா என்றுதான் பேச்சு. பொன்னாக்கள் இன்றும் இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம்.

வலியைப் பற்றிப் பேசுகிற புத்தகம் வேறு எங்கிருந்தோ வந்தது. எழுதியவர் சென்னையில் பிறந்தவர்தான். பத்மா லட்சுமி. அமெரிக்க டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி நடத்திப் பிரபலமானவர். ‘லவ், லாஸ் அண்ட் வாட் வி ஏட்’ என்ற அவருடைய சுயசரிதை 2016இல் வந்தது. சென்னைத் தாத்தா பாட்டி வீட்டுச் சாப்பாட்டுக்காக அதைப் படிப்பவர்கள் உண்டு. நடுவில் இந்த நோய் வருகிறது. 13 வயதில் வலி. பெயர் தெரிந்தது 36 வயதில். அவருடைய அம்மா ஒரு நர்ஸ். அம்மாவுக்கும் அதே வலி இருந்ததால், பெண்ணாகப் பிறந்தால் இதெல்லாம் இருக்கும் என்றே வீடு நினைத்துக்கொண்டது.

பி.காம். படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 23 வருஷம், 276 மாதம். மாதத்துக்கு மூன்று நாள் என்று வைத்தாலும் 828 நாள். இரண்டேகால் வருஷம் படுக்கையில் போயிற்று. எந்த ஐந்தொகையிலும் வராத செலவு இது. நியூயார்க்கில், வசதியோடு, நர்ஸ் மகளுக்கே இந்தக் கதி. 2009இல் தன் டாக்டரோடு சேர்ந்து இந்த நோய்க்காக அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2010 பிப்ரவரியில் மகள் பிறந்தாள். இந்த நல்ல முடிவு எல்லோருக்கும் வாய்க்காது. அதனால் புத்தகத்தில் எனக்கு முக்கியம் குழந்தை பிறந்த பக்கங்கள் இல்லை. குழந்தை பற்றிய பேச்சே வராதபோதும் வலி வலிதான் என்று சொல்கிற பக்கங்கள்.

நம் பக்கம் என்ன சொல்கிறோம்? ‘ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்.’ பாட்டிகள் சொன்னதைச் சில டாக்டர்களும் சொல்கிறார்கள். மனித இனப்பெருக்கத் துறைக்கான ஐரோப்பியச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாக மறுக்கிறது. இந்த நோயைத் தீர்ப்பதற்காக மட்டும் கர்ப்பமாகுங்கள் என்று யாருக்கும் ஆலோசனை சொல்லக்கூடாது. குழந்தை மருந்து இல்லை.

உண்மையில் சிக்கல் தலைகீழானது. வலியைக் குறைக்கக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரைகள் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கும். குழந்தைக்கு முயற்சி செய்கிறவள் அதை நிறுத்தியாக வேண்டும். அதாவது குழந்தைக்காக வலியைத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஆபரேஷன் செய்து சினைப்பைக் கட்டியை எடுத்தால் நல்ல முட்டைகளும் கொஞ்சம் போகலாம். அதனால் வயது, எவ்வளவு நாளாக முயற்சி, வலியின் அளவு எல்லாவற்றையும் வைத்து நிதானமாகத்தான் முடிவெடுக்க முடியும். கணவனின் விந்துப் பரிசோதனையும் இந்தப் பட்டியலில் உண்டு, சில ஆண்கள் அதை மறந்துவிடுகிறார்கள். இந்த நோய் இருந்தும் தானாகவே கருத்தரிக்கிற பெண்கள் நிறைய. பெயரைக் கேட்டதும் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஸ்கேன் நார்மல் என்பதற்காக வலியைப் பொய் என்று நினைக்கவும் வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டுகளில் சிகிச்சை மையங்களின் பேனர்களைப் பாருங்கள். கொழுகொழு குழந்தை ஒன்று சிரிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படம் போட்ட பேனரை நான் பார்த்ததில்லை. புராணம், நாவல், பேனர் மூன்றும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பெண்ணின் வயிறு, குழந்தை வராதபோதுதான் ஊருக்கு ஞாபகம் வருகிறது.

கார்த்திகை தீபத்தன்று, மலைமேல் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்னால், கோயிலுக்குள்ளிருந்து அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் மட்டும் வெளியே வந்து ஆடிவிட்டுப் போவார். பார்வதிக்குத் தன் உடம்பில் பாதியைக் கொடுத்த இடம் இது என்பது தலபுராணம். உடம்பில் பாதியைக் கொடுத்தால் அந்தப் பாதியின் வலியும் கூடவேதான் வரும். சாமியைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் புருஷன்மார்கள் வீட்டில் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த முறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ‘விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்று வாய் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமான கேள்வியை 14 வயதுப் பெண்ணிடம், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது கேட்டிருக்க வேண்டும். ‘ரொம்ப வலிக்குதாம்மா? வா, டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்.’