‘குடிமகன்’ என்னும் பெயரும் வாக்குரிமையும்

வெளிநாடுகளில் வாழும் குடிமக்களின் வாக்குரிமை பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளில் ஒரு சொற்குழப்பம் நிலைத்துவிட்டது. இந்திய அரசு 2005 முதல் வழங்கிவரும் ஓ.சி.ஐ. அட்டையை ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை’ என்றும், அதனை உடையாரை ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்’ என்றும் எழுதிவிடுகின்றனர். மொழிபெயர்த்தோரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று; மூலமாகிய ஆங்கிலப் பெயரே பிழைபட்டது. ஆயினும், பிழையை அப்படியே சுமந்து வருவது மொழிபெயர்ப்பாகாது.

அவ்வட்டை உடையார் இந்தியாவுக்கு விசா இன்றிப் பலமுறை சென்று வரலாம். வாக்களிக்கவோ, தேர்தலில் நிற்கவோ அவர்க்கு உரிமையில்லை, விளைநிலமும் வாங்கலாகாது. வாக்கில்லாதவர் எவ்வகையில் குடிமகனாவார்? இந்தியக் கடவுச்சீட்டுடன் அயல்நாட்டில் தொழில் செய்பவரே மெய்யான வெளிநாடுவாழ் குடிமகன். 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவருக்கு வாக்காளர் பட்டியலில் இடமளித்தது. ஆனால் கடவுச்சீட்டுடன் சொந்தத் தொகுதிச் சாவடிக்கு நேரில் வரவேண்டும் என்றது. இவ்விருவரையும் ஒரே பெயரால் அழைப்பது பொருந்துமா?

2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தமிழாசிரியர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ‘குடி’ என்பது வீட்டையும் குலத்தையும் ஒருங்கே குறிக்கும் பழஞ்சொல். வள்ளுவரின் ‘குடிமை’ அதிகாரம் நற்குடிப் பிறப்பைப் பேசுவது. இன்றைய பள்ளிப் பாடத்துக் ‘குடிமை’ வேறு. வீட்டு வாடகையைக் குடிக்கூலி என்கிறோம். ஆகவே, ஓரிடத்தில் குடியிருப்பவரே அவ்விடத்துக் குடிமகன் என்று தமிழ்ச் செவி எண்ணுவது இயல்பு. சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை என்பதைத் தோட்டப்புறம் துன்பப்பட்டே கற்றது. மலாயா 1957இல் விடுதலை பெற்ற பின்னும், இந்தியாவிற் பிறந்து வந்து பால்மரம் சீவியவர்க்குக் குடியுரிமை தானாக வரவில்லை, விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. விண்ணப்பியாது விட்டோர் பலர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டை வேண்டியபோது, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். லயத்து வீட்டில் பல்லாண்டு குடியிருந்தும் குடிமக்கள் ஆகாதவர் அவர்கள்.

அவர்தம் வழியினரிடம் இன்று ஓர் அட்டையைக் காட்டி, ‘இது குடியுரிமை’ என்றால் என்ன நினைப்பார்? மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நீல அடையாள அட்டை பறிபோகுமோ என அஞ்சுவார்; அல்லது சென்னையில் வாக்களிக்கலாமென நம்புவார். இரண்டும் தவறு. ‘இந்திய மரபினர் அட்டை’ என்றெழுதினால் இக்குழப்பம் எழாது.

மெய்யான வெளிநாடுவாழ் குடிமக்களும் இவ்வட்டாரத்துக்கு உண்டு. அவர்களைப் பற்றித்தான் நம் எழுத்தாளர் குறைவாக எழுதுகின்றனர். சிங்கப்பூரில் தொழில் செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூறுகிறேன். 2013க்கு முன் அயல்நாட்டிலிருந்து தபாலில் வாக்களிக்கும் வாய்ப்பு அரசு ஊழியர், படைவீரர், மாணவர், அவர்தம் துணைவர் என்னும் சிலர்க்கே இருந்தது. அவ்வாண்டு மற்றவர்க்கும் கிடைத்தது. ஐந்தாண்டில் முப்பது நாளேனும் தாயகத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகியவை விலக்கப்பட்டன. 2022 பொதுத்தேர்தலிலும் அவ்விலக்கு நீடித்தது. அப்போது இலண்டனில் இருந்தவர் தபாலில் வாக்களிக்க முடிந்தது. ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் இருந்தவர் பேருந்தேறி வரவேண்டியிருந்தது! பக்கத்து நாடு என்றால் வருவது எளிது என்பது வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும் கணக்கு. 2018 தேர்தல் மே 9, புதன்கிழமை நடந்தது. மலேசியாவில் அன்று விடுமுறை அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆலைக்கு அது வேலைநாள். தபால் உரிமை பெற்றோருள்ளும் பலர்க்கு வாக்குச்சீட்டு காலந்தாழ்ந்தே சேர்ந்தது. விமானமேறும் அறிமுகமற்றவர் கையிற் சீட்டைக் கொடுத்தனுப்பியோரும் உண்டு.

வாக்கில்லாத அட்டைக்குக் குடியுரிமை என்னும் பெயரையும், வாக்குடைய இவர்களுக்கு வெறும் ‘வெளியூர் வேலைக்காரர்’ என்னும் பெயரையும் வழங்கும் கட்டுரைகள் மாணவர் கைக்குப் போகுமுன் ஆசிரியர்கள் அவற்றைத் திருத்திக் கொடுக்கலாம்.