பேயை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள்

‘சூப்பர்நேச்சுரல்’ தொடரை மறுபடி பார்க்கும்போது பயம் வருவதில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து ப்ளடி மேரி எந்த நொடியில் ஊர்ந்து வருவாள் என்பது தெரிந்துவிட்ட பிறகு அவள் பேயாகவா இருக்க முடியும்? தலைவிரி கோலத்தில் ஒரு நடிகை, அவ்வளவுதான். திகில் தொடருக்கு இதைவிடப் பெரிய சேதம் இல்லை என்று நினைக்கத் தோன்றும். எனக்கோ ரசனையே அங்கேதான் தொடங்குகிறது. திரையின் எந்த மூலையிலிருந்து எது பாயுமோ என்று காவல் காத்துக்கொண்டிருந்த கண் விடுதலையாகி, திரையில் அதுவரை பார்க்காமல் விட்டவற்றின் பக்கம் திரும்புகிறது.

2005 செப்டம்பர் 13 அன்று தொடங்கிய தொடர் 2020 நவம்பர் 19 அன்று முடிந்தது. 15 சீசன், 327 எபிசோட். மொத்தத்தையும் வரிசையாக மறுபடி பார்க்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். அதில் பாதியை நிம்மதியாகத் தாண்டலாம். கதையின் முதுகெலும்பும் எளியதுதான். கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், 1983 நவம்பர் 2 இரவு, ஒரு தாய் வீட்டுக் கூரையில் ஒட்டியபடி எரிந்து சாகிறாள். தகப்பன் தன் இரண்டு பையன்களையும் பேய் வேட்டைக்காரர்களாகவே வளர்க்கிறான். மூத்தவன் டீன், இளையவன் சாம். படித்து வக்கீலாகலாம் என்று விலகிப்போன சாமின் காதலி, சரியாக 22 வருடம் கழித்து அதே தேதியில் அதே விதமாக எரிகிறாள். தம்பி அண்ணனின் கறுப்புக் காரில் ஏறுகிறான். பின்னால் தேவதூதர்கள் வருகிறார்கள், சாத்தான் வருகிறான், கடைசியில் கடவுளே வில்லனாகிறார். ஆனாலும் தொடரின் அஸ்திவாரம் கடைசிவரை மூன்றே பொருள்கள்தான். அண்ணன் தம்பி, ஒரு கார், ராத்திரி வாடகைக்கு ஓர் அறை.

தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி ஒஹாயோ மாநிலத்து டொலீடோவில் வளர்ந்தவர். அமெரிக்கச் சாலையோரங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வாய்வழியாக உலவும் கதைகளை வைத்து ஒரு தொடர் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நெடுஞ்சாலையில் லிஃப்ட் கேட்கும் வெள்ளையுடைப் பெண், கைக்குப் பதில் கொக்கி மாட்டியவன், காட்டில் ஆள் தின்னும் வெண்டிகோ. முதல் சீசன் முழுக்க இந்த வகைதான். இவற்றை அடக்கும் வழிகளும் நாட்டார் வழக்கிலிருந்தே வருகின்றன. வாசலில் உப்புக்கோடு, கையில் இரும்புக் கம்பி, கல்லறையைத் தோண்டி எலும்பில் உப்பைத் தூவி எரிப்பது. இரும்பு கையில் இருந்தால் பேய் அண்டாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கெல்லாம் விளக்கவுரை வேண்டியதில்லை.

அறைக்கு வருகிறேன். தொலைக்காட்சித் தொடர்கள் பொதுவாக நிரந்தர அரங்கில்தான் காசை மிச்சம் பிடிக்கும். ஒரு போலீஸ் நிலையம், ஒரு கூடம், ஒரு காபிக்கடை என்று கட்டிவிட்டால் ஐந்தாறு வருடம் ஓட்டலாம். இந்தச் சகோதரர்களுக்கோ வீடு கிடையாது. வாரத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு மோட்டல். போதாக்குறைக்கு, லாஸ் ஏஞ்சலிஸில் எடுத்த முதல் எபிசோடைத் தவிர மற்றதெல்லாம் கனடாவின் வான்கூவர் பக்கம் எடுத்தது. வெளிப்புறக் காட்சிகளை நிதானமாகப் பாருங்கள். டெக்சாஸ் என்பார்கள், ஃப்ளோரிடா என்பார்கள், எங்கும் அதே ஈரம், அதே ஊசியிலை மரங்கள், அதே சாம்பல் வானம். வெளியே ஊர் பொய். அந்தப் பொய்யை நம்பவைக்கும் வேலை உள்ளே இருக்கும் அறையின் தலையில் விழுந்தது.

அந்தச் சுமையைத் தாங்கியவர் அரங்க வடிவமைப்பாளர் ஜெரி வானெக். ஸ்டூடியோவில் இருக்கும் மோட்டல் அறையைத்தான் அவர் குழு திரும்பத் திரும்ப உடுத்திக் கழற்றியது. பழுப்புச் சுவர், பூப்போட்ட போர்வை என்று ஒப்பேற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வானெக் அப்படி விடவில்லை. கண்ணைக் குத்தும் வால்பேப்பர், ஊருக்கேற்ற ஏதோ ஒரு கருப்பொருள், அதையே எதிரொலிக்கும் விளக்கு, போர்வை, சுவர்ப்படம். எல்லாவற்றுக்கும் மேல், அறையை இரண்டாகப் பிரிக்கும் அந்தத் தடுப்பு. மரத்திலோ உலோகத்திலோ செய்த அதன் ஓட்டைகள் வழியாகத்தான் கேமரா பல நேரம் சகோதரர்களைப் பார்க்கிறது. முதல்முறை பார்த்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. இப்போது புது ஊர் வந்தாலே பேய் யார் என்பதைவிடத் தடுப்பு என்ன வடிவம் என்றுதான் தேடுகிறேன். யாருக்கும் சொந்தமில்லாத அறையை அலங்கரித்தவனின் அசட்டுப் பெருமிதம் அவற்றில் இருக்கிறது. இரண்டு கட்டில்களில் கதவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் டீனுடையது. உள்ளே வருவது எதுவானாலும் தம்பிக்கு முன் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதை அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்த அறைகளுக்கு ஒளி தந்தவர் செர்ஜ் லாடூசர். ஆரம்ப சீசன்களில் ஒளி என்று ஒன்று இருப்பதே சந்தேகம். கட்டிலோர விளக்கு, டார்ச், திரைச்சீலை இடுக்கில் நுழையும் வெளுத்த பகல். நிறங்களெல்லாம் வடிந்துபோயிருக்கும். போகப்போகத் தொடர் பளிச்சென்று ஆகிறது, அந்த அளவுக்கு ருசியும் குறைகிறது. இருட்டின் மீது அந்தப் பிடிவாதம் கிம் மேனர்ஸ் இயக்கிய எபிசோடுகளில் உச்சத்தில் இருந்தது. ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரில் கை தேர்ந்து வந்தவர் அவர். 2009 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். முகத்துக்கு மிக அருகே கேமராவைக் கொண்டுபோய், அங்கேயே கூச்சமில்லாமல் நிற்கும் துணிச்சல் அவருக்குப் பின் அங்கே யாருக்கும் முழுதாக வாய்க்கவில்லை என்பது என் எண்ணம்.

அவர் இயக்கிய ‘மிஸ்டரி ஸ்பாட்’ (மூன்றாம் சீசன், 11வது எபிசோட்) ஒன்று போதும், இந்தத் தொடர் அறையை என்னவெல்லாம் செய்யும் என்று காட்ட. ஜெரமி கார்வர் எழுதியது. ரேடியோ அலாரத்தில் ஏஷியா குழுவின் ‘ஹீட் ஆஃப் தி மொமென்ட்’ பாட்டு அலற, சாம் ஒரு செவ்வாய்க்கிழமை கண்விழிக்கிறான். அன்றைக்கு டீன் சாகிறான். மறுபடி அதே பாட்டு, அதே செவ்வாய். சுடப்பட்டு, கார் மோதி, இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கி, குளியலறையில் வழுக்கி என்று அண்ணன் நூறு முறைக்கு மேல் சாகிறான். வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். பிறகு புதன்கிழமை வருகிறது. டீன் சாகிறான். அடுத்த நாள் அலாரம் காப்பாற்ற வரவில்லை. சாம் மாதக்கணக்கில் தனியாக வேட்டையாடுகிறான். அப்போது காட்டும் மோட்டல் அறையைக் கவனியுங்கள். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. ஆயுதங்கள் அளவெடுத்து அடுக்கியிருக்கின்றன. இவன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். அதுவரை அறையில் கிடந்த அழுக்குச் சட்டைகளும் பீர் பாட்டில்களும் டீன் என்ற மனிதன் உயிரோடு இருந்ததன் அடையாளம் என்பது அந்தச் சுத்தத்தைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது. வசனம் ஏதுமில்லாமல் படுக்கை விரிப்பை வைத்தே துக்கத்தைச் சொல்லிவிடுகிறார் மேனர்ஸ்.

மாறாத ஒரே அறை அந்தக் கார், 1967 மாடல் ஷெவர்லே இம்பாலா. கிரிப்கி முதலில் மஸ்டாங்கைத்தான் நினைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான், டிக்கியில் ஒரு பிணம் கொள்ளும் என்ற காரணத்தைச் சொல்லி, இம்பாலாவுக்கு மாற்றினாராம். அதன் கதவு திறக்கும் கிறீச்சொலியைத் தொடர் ஒரு கதாபாத்திரத்தின் குரலைப் போலவே பாதுகாத்தது. ஐந்தாம் சீசனை முடிக்கும் ‘ஸ்வான் சாங்’ எபிசோட், உலகத்தின் அழிவைச் சொல்வதற்கு முன் இந்தக் காரின் பிறப்பைச் சொல்கிறது. ஜேன்ஸ்வில் தொழிற்சாலையில் தொடங்கி, சிறுவன் சாம் ஆஷ்ட்ரேயில் செருகிய பொம்மைச் சிப்பாய், டீன் காற்றுத் துவாரத்தில் திணித்த லெகோ கட்டைகள் வரை. சாத்தான் சாமின் உடம்புக்குள் புகுந்து அண்ணனை அடித்துக் கொல்லப்போகும் நேரத்தில், வெயில் பட்டு மின்னும் காருக்குள் அந்தப் பொம்மைச் சிப்பாய் கண்ணில் படுகிறது. பிரளயம் நின்றுபோவது அதனால்தான். வேறு யார் எழுதியிருந்தாலும் அசட்டுத்தனமாகியிருக்கும். ஐந்து வருடம் அந்தக் காருக்குள் நம்மை உட்காரவைத்திருந்ததால் இவர்களுக்குப் பலித்தது. பதினோராம் சீசனில் ‘பேபி’ என்று ஓர் எபிசோட், முழுக்க முழுக்கக் காரை விட்டு விலகாமல் எடுத்தது. சண்டை கண்ணாடிக்கு வெளியே எங்கோ நடக்கும், நாம் காரோடு காத்திருப்போம். கதை சுமார்தான். ஆனால் ராத்திரியில் ஆளுக்கொரு இருக்கையில் சுருண்டுகொண்டு இருவரும் பேசும் பேச்சுக்காக நான் அடிக்கடி திரும்பிப் போகிறேன்.

எட்டாம் சீசனில்தான் விபரீதம் நடக்கிறது. கான்சாஸ் மாநிலத்து லெபனானில் பூமிக்கடியில் ஒரு பதுங்கு மாளிகை இவர்களுக்குக் கிடைக்கிறது. நூலகம், அடுப்படி, ஆளுக்கொரு அறை. நான்கு வயதில் வீட்டைத் தீக்குக் கொடுத்த டீன், முதல்முறையாகத் தனக்கென்று ஓர் அறையை ஒழுங்குபண்ணி, அம்மாவின் புகைப்படத்தை வைக்கிறான். தன் உடம்பை நினைவில் வைத்துக்கொள்ளும் மெத்தையைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறான். மனசு நிறைகிற காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மோட்டல்கள் குறைகின்றன, தடுப்புகள் குறைகின்றன. ஊர் ஊராகப் போன கதை, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் போடும் கதையாகிறது. சொர்க்கத்தின் உள்அரசியலை இரண்டு பேர் புத்தக அலமாரி முன் நின்று விளக்கினால் யாருக்குத் தூக்கம் வராது?

மறுபார்வையில் கசக்கிற இன்னொன்றும் உண்டு. பெண்கள் இந்தத் தொடரில் சாவதற்கென்றே வருகிறார்கள். முதல் எபிசோடிலேயே இருவர் எரிகிறார்கள். வேட்டைக்காரி ஜோவும் அவள் தாய் எலனும் செத்த விதத்திலாவது ஒரு கம்பீரம் இருந்தது. பத்தாம் சீசனில் சகோதரர்களின் தோழி சார்லியைக் கொன்று குளியல்தொட்டியில் போட்டதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. டீனின் கோபத்துக்கு எண்ணெய் வார்க்க ஒரு பிணம் வேண்டியிருந்தது, அவ்வளவே.

தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வதில் மட்டும் தொடர் கடைசிவரை சோர்ந்ததில்லை. பென் எட்லண்ட் எழுதிய ‘தி ஃப்ரெஞ்ச் மிஸ்டேக்’கில் சகோதரர்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டு விழுந்தால், படப்பிடிப்பு அரங்கின் மெத்தையில் கிடக்கிறார்கள். இவர்களே நடிகர்களாக இருக்கும் வேறோர் உலகம் அது. அங்கே வரிசையாக நிற்கும் நகல் இம்பாலாக்களைப் பார்த்து டீனுக்குக் குமட்டுகிறது. சுவர்களெல்லாம் ஒட்டுப்பலகை என்று தொடரை எடுத்தவர்களே காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த எபிசோடிலும் அந்தப் பலகையை நான் சுவர் என்றே நம்பினேன்.

கடைசி எபிசோடைப் பலர் திட்டினார்கள். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்று, ஆகஸ்டில் மறுபடி தொடங்கி முடித்தது. கடவுளையே வென்ற டீன், சாதாரண வேட்டையொன்றில், ஒரு கொட்டகைத் தூணில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பி குத்திச் சாகிறான். எனக்கு அது சரியென்றே படுகிறது. முதல் சீசனின் அளவுக்குச் சுருங்கிய சாவு. எனக்குக் குறை அதற்கப்புறம்தான். சாம் மகனைப் பெற்று, நெடுநாள் வாழ்ந்து கிழவனாகும் அந்தச் சில நிமிடங்களில் அவன் குடியிருப்பது எந்த மாதிரி வீடு? யாருடைய வீடாகவும் இருக்கக்கூடிய ஒரு வீடு. சுவரில் ஒரு கிறுக்குத்தனம் இல்லை, விளக்கில் ஒரு கோணல் இல்லை. போதாததற்கு அந்த நரைத்த விக் வேறு. ஒரே ராத்திரி தங்கும் அறைகளுக்கெல்லாம் வால்பேப்பர் தேடித் தேடி ஒட்டியவர்களுக்கு, ஓர் ஆயுள் முழுக்கத் தங்கும் வீட்டை எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. அந்தக் காட்சியில் நடிப்பே கராஜில் போர்வை மூடிக் கிடக்கும் இம்பாலாவினுடையதுதான்.