ரசிகர் என்னும் சாட்சி

'கார்கி' படத்தில் குற்றம் சாட்டப்பட்ட தந்தையின் வேடத்துக்கு ஆர்.எஸ். சிவாஜியைத் தேர்ந்தெடுத்ததுதான் இயக்குநர் கௌதம் ராமச்சந்திரன் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு. 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் இன்ஸ்பெக்டர் ஜனகராஜின் நிழலாகவே திரிந்து அவரை மெச்சிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அவர். தமிழ்நாட்டுக்கு அது சிரிப்போடு சேர்ந்தே பழகிய முகம். 2022இல் அதே முகம், ஒரு சிறுமியைச் சிதைத்த வழக்கில் கைதான அடுக்குமாடிக் குடியிருப்புக் காவலாளியாகத் திரையில் தலை குனிந்து நிற்கிறது. ஆசிரியையான மகள் அப்பாவை மீட்கப் படம் முழுக்க ஓடுகிறாள். அவளோடு நாமும் ஓடுகிறோம். இந்த மனிதர் செய்திருக்கமாட்டார் என்று அவள் நம்புவதற்கு ரத்த உறவு காரணம். நாம் நம்புவதற்கு அவரைப் பார்த்துச் சிரித்த பழைய சிரிப்பு காரணம். படம் வந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் முடிவைச் சொல்லலாம்: அவர்தான் செய்திருக்கிறார். உண்மை மகளைத் தாக்கும் அதே நொடியில் நம்மையும் தாக்குகிறது. சிவாஜி அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பரில் காலமானார். அவருடைய நடிப்பு வாழ்க்கையின் உச்சமாக நான் கருதுவது இந்த வேடத்தைத்தான்.

இதே உத்தியை ஆங்கிலத் தொலைக்காட்சி ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டிருந்தது. 2016 செப்டம்பரில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய 'நேஷனல் ட்ரெஷர்' நான்கே பகுதிகள் கொண்ட தொடர். எழுதியவர் ஜாக் தோர்ன். நாடே கொண்டாடும் முதிய நகைச்சுவைக் கலைஞர் ஒருவரின் வீட்டுக் கதவைப் பல ஆண்டுகளுக்கு முந்தைய பாலியல் புகார் ஒன்று தட்டுகிறது. அந்த வேடத்தில் ராபி கோல்ட்ரேன். ஹாரி பாட்டர் படங்களில் ஹாக்ரிட்டாக வந்து குழந்தைகளின் உள்ளத்தைப் பிடித்தவர். மனைவியாக ஜூலி வால்டர்ஸ், மகளாக ஆண்ட்ரியா ரைஸ்பரோ. வழக்கு முடிகிறது, நடுவர்கள் அவரை விடுவிக்கிறார்கள். ஆனால் நீதிமன்றம் பார்க்க முடியாத பழைய இரவைப் பார்வையாளருக்கு மட்டும் தொடர் காட்டிவிடுகிறது. சட்டம் விடுவித்த ஒருவரை இனி நாம் என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வியோடு எழுந்து போகவேண்டியதுதான்.

அந்தத் தொடருக்குப் பின்னால் ஒரு நாட்டின் அவமானம் இருந்தது. பி.பி.சி.யின் செல்லப்பிள்ளையாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வலம்வந்த ஜிம்மி சாவில் 2011 அக்டோபரில் இறந்தார். அவர்மீதான புகார்களை அந்நிறுவனத்தின் செய்திப் பிரிவினரே விசாரித்து ஒரு நிகழ்ச்சியாகத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அது நிறுத்தப்பட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் புகழஞ்சலி ஒளிபரப்பானது. மறு ஆண்டு போட்டி அலைவரிசையான ஐ.டி.வி. பெண்களின் வாக்குமூலத்தை வெளியிட்ட பிறகே காவல்துறை முழு விசாரணையில் இறங்கியது. 2013இல் அது வெளியிட்ட அறிக்கை சாவில்மீது 214 குற்றங்களைப் பதிவுசெய்தது. பி.பி.சி. பணிகளின் வழியாக மட்டும் அவரால் பாதிக்கப்பட்டவர்கள் 72 பேர் என்று நீதிபதி ஜேனட் ஸ்மித் 2016இல் கணக்கிட்டார். 2023இல் அதே பி.பி.சி., நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் கூகனை சாவிலாக நடிக்கவைத்து 'தி ரெக்கனிங்' தொடரை எடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் சிலர் அதில் நேரடியாகத் தோன்றிப் பேசினார்கள். குற்றம் வளர்ந்த வீடே குற்றத்தின் கதையைச் சொல்லலாமா என்று அங்கே சண்டை நடந்தது. சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டும் என்பது என் கட்சி. சொல்லாத வீடுகளில் நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

தமிழுக்கு வருவோம். 2018இன் மீ டூ அலைக்குப் பின் வந்த தமிழ்ப் படைப்புகள் பாலியல் வன்முறையைத் தவிர்த்தன என்று யாரும் சொல்லமுடியாது. 'பொன்மகள் வந்தாள்' (2020) பழைய வழக்கு ஒன்றை மறுபடி திறக்கும் பெண் வழக்கறிஞரின் கதை. புஷ்கர்-காயத்ரி எழுதிய 'சுழல்' (2022) ஊர்த் திருவிழாவின் பத்து நாள் கூட்டத்துக்கு நடுவே காணாமற்போன பெண்ணைத் தேடிப்போய், ஆபத்து வெளியே எங்கோ இல்லை, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டியது. எஸ்.யு. அருண்குமாரின் 'சித்தா' (2023) இன்னும் நுட்பமானது. பழனியில் நடக்கும் அக்கதையில் பழி சுமக்கும் சித்தப்பா குற்றமற்றவர். பொய்யான சந்தேகம் ஒரு நல்லவனை எப்படி அறுக்கும் என்பதையும், அந்த வலியைக் காரணம் காட்டிக் குழந்தையின் வலியை ஒதுக்கக்கூடாது என்பதையும் ஒரே படம் சொன்னது.

அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், செல்வாக்குள்ள தொழிலதிபர், முகம் தெரியாதவன் என்று எல்லோரும் கூண்டில் ஏறிவிட்டார்கள். நான் பார்த்தவற்றில் ஏறாத ஒருவர், ஊரே நேசிக்கும் கலைஞர். பாடகர், பாடலாசிரியர், நகைச்சுவை நடிகர், பட்டிமன்றப் பேச்சாளர், பாட்டுப் போட்டியில் குழந்தைகளுக்கு மதிப்பெண் போடும் நடுவர் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பார்க்கத் தமிழ்த் திரைக்கு இன்னும் மனம் வரவில்லை. தொழில் சார்ந்த அச்சம் ஒரு காரணம்; நட்சத்திரத்தை நம்பி முதல் போடும் தொழில் நட்சத்திரத்தையே கேள்வி கேட்கும் கதைக்குப் பணம் தராது. ஆழமான காரணம் நம் நினைவில் இருக்கிறது.

தமிழ்நாடு ஒரு கலைஞரைக் கூண்டில் பார்த்த முதல் பெரும் வழக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. திரைக் கலைஞர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த அந்தப் பத்திரிகையாளர் 1944 நவம்பரில் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானபோது பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' திரையரங்குகளில் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. 1945இல் ஆயுள் தண்டனை; லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947 ஏப்ரலில் விடுதலை. நீதிமன்றம் விடுவித்துவிட்ட வழக்கு அது, அதைக் கிளறுவது என் நோக்கமன்று. அந்த வழக்கு தமிழ் ரசிகரின் மனத்தில் பதித்துவிட்டுப் போன கதைதான் முக்கியம்: கலைஞர் களங்கமற்றவர், அவரைப் பற்றித் தவறாகப் பேசுகிறவர் இழிவானவர், வழக்கு என்பது ஒரு பொற்குரலைப் பறித்த விதி. பாகவதர் விஷயத்தில் அந்தக் கதைக்கு நீதிமன்றத்தின் முத்திரை இருந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு புகாருக்கும், விசாரணையே இல்லாமல், அதே கதையை எடுத்துப் போர்த்தினோம்.

2018 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். '96' படம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. திரிஷாவின் ஜானுவுக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி; அந்தப் படத்தின் பாடல்களிலும் அவர் குரல்தான். அந்த மாதமே அவர் கவிஞர் வைரமுத்துமீது பழைய புகாரைச் சொன்னார். வைரமுத்து மறுத்தார். இது குறித்து நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை, ஆகவே யார் சொன்னது உண்மை என்று இந்தக் கட்டுரை முடிவு சொல்லாது. ஆனால் அதன் பிறகு நடந்தவை எல்லோர் கண்முன்னும் நடந்தவை. நவம்பரில், சந்தா கட்டவில்லை என்ற காரணம் சொல்லப்பட்டு, சின்மயி டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஐந்து ஆண்டு கழித்து 'லியோ'வில் திரிஷாவுக்கு அவர் மறுபடி குரல் கொடுத்தபோது அதுவே செய்தியானது. 2021இல் வைரமுத்துவுக்கு அறிவிக்கப்பட்ட ஓ.என்.வி. விருதுக்குக் கேரளத்தில் எதிர்ப்பு எழுந்தது. மறுபரிசீலனை என்றதும் அவர் விருதை வேண்டாம் என்றார். இங்கே ராசிபுரத்தில் நான் காதால் கேட்ட கேள்விகள் இரண்டுதான். 'இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தாங்க?' என்பது ஒன்று. 'பேர் வாங்கத்தான?' என்பது மற்றொன்று. அந்தக் குரலைக் கேட்டு '96'க்கு அழுதவர்களும் இதையே கேட்டார்கள்.

முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு, ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய குற்றங்களுக்கு மூன்று ஆண்டு வரம்பு வைத்தது. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் குற்றத்துக்கு 2013 திருத்தம் வரை அதிகபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுதான். ஆக, 1990களிலோ 2000களிலோ தொடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, பேசுவதற்குத் துணிவு வந்த வயதில் நீதிமன்றக் கதவு அடைபட்டிருந்தது. பேசினால் அவதூறு வழக்கு வரும். தன்மீது பாலியல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணிமீது முன்னாள் அமைச்சர் எம்.ஜே. அக்பர் போட்ட வழக்கில் டெல்லி நீதிமன்றம் 2021 பிப்ரவரி 17 அன்று ரமணியை விடுவித்தது. பத்தாண்டுகள் கழிந்தாலும் தன் குறையைத் தனக்குப் பிடித்த மேடையில் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது. தாமதம் பொய்யின் அடையாளம் அன்று என்று நீதிபதி ஒருவர் எழுதிய பின்னும் நம் தேநீர்க் கடைகள் அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை.

செவ்வியல் கலைகளின் நிலையும் இதுவே. 2018இல் சென்னை மியூசிக் அகாடமி, பாலியல் புகாருக்கு ஆளான ஏழு கலைஞர்களை அந்த ஆண்டு மார்கழி மேடையிலிருந்து நீக்கியது. 2023 மார்ச் இறுதியில் கலாக்ஷேத்ரா மாணவியர் பாலியல் தொல்லைக்கு எதிராக வளாகத்தில் தரையில் அமர்ந்து போராடினார்கள். ஏப்ரலில் ஓர் ஆசிரியர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைந்தது. குருவைத் தெய்வமென்று சொல்லித்தரும் இடத்தில் குருவுக்கு எதிராக வாய்திறக்க இருபது வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அதை ஒரு நாடகாசிரியர் எழுதவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

மலையாளம் எழுதிவிட்டது. 2017இல் நடிகை ஒருவர் தாக்கப்பட்ட பின், மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலையை ஆராய அமைந்த ஹேமா குழுவின் அறிக்கை 2019 டிசம்பரில் அரசுக்குத் தரப்பட்டு, 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் மக்கள் கைக்கு வந்தது. குழுவில் நம் பழைய நடிகை சாரதாவும் ஒருவர். அறிக்கை பூட்டிக் கிடந்த காலத்தில் ஆனந்த் ஏகர்ஷி 'ஆட்டம்' எடுத்தார். ஒரு நாடகக் குழு. பன்னிரண்டு ஆண்கள், ஒரே ஒரு பெண். அவள் ஒரு புகார் சொல்கிறாள், சந்தேகம் குழுவிலிருக்கும் சினிமா நட்சத்திரத்தின்மேல் விழுகிறது. முதலில் எல்லோரும் கொதிக்கிறார்கள். அந்த நட்சத்திரத்தால் குழுவுக்கு வெளிநாட்டு வாய்ப்பு வரப்போகிறது என்றதும் ஒவ்வொருவரின் நியாயமும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுகிறது. யார் செய்தது என்ற விடை கடைசியில் அவளுக்கே தேவையற்றுப் போகிறது. மொத்தக் குழுவையும் அவள் பார்த்துவிட்டாள். 70ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம் இதுதான்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் விடிய விடியத் துகிலுரிதல் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'ஆட்டம்' அந்நியமான கதை ஆகாது. துச்சாதனன் வில்லன் என்பதில் கூத்துப் பார்ப்பவர் யாருக்கும் சந்தேகமில்லை. திரௌபதி கேள்வி கேட்பது அவனையன்று, சபையை. வீட்டுமர் பதில் சொல்லாமல் தடுமாறுகிறார், துரோணர் தலை கவிழ்கிறார். பெரியவர்களின் மௌனத்தைக் கதையின் நடுவில் வைக்கும் கலை நம்மிடம் எப்போதோ இருந்தது. தொலைக்காட்சிக்கு வரும்போது அதை எங்கோ விட்டுவிட்டோம். 2022 முதல் 2024 வரை வீடு வீடாக ஓடிய 'எதிர்நீச்சல்' தொடர் பெண்களை அடக்கியாளும் ஆதி குணசேகரனைக் காட்டத்தான் எழுதப்பட்டது. மாரிமுத்துவின் அபாரமான நடிப்பில் மக்கள் அந்தப் பாத்திரத்தையே நேசிக்கத் தொடங்கினார்கள், அவன் அதட்டல்கள் நகைச்சுவைத் துணுக்குகளாகக் கைப்பேசிகளில் சுற்றின. கொடுமையை ரசிக்கும் பழக்கம் நமக்கு எவ்வளவு எளிதாக வருகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ராசிபுரத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்த ஆர்.கே. நாராயண் இந்த ரசிகரை 1958லேயே எழுதிவிட்டார் என்பதை இங்குள்ள நாங்கள்கூட மறந்துவிட்டோம். 'தி கைடு' நாவலின் ராஜு, நாட்டியக்காரி ரோஸியின் வாழ்க்கையையும் வருமானத்தையும் தன் கையில் வைத்திருந்தவன், அவள் கையெழுத்தைப் போட்டு மோசடி செய்து சிறைக்குப் போனவன். விடுதலையான பின் ஒரு கிராமம் அவனைச் சாமியாராக்குகிறது. தாங்கமுடியாமல், வேலன் என்ற கிராமத்தானிடம் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து தன் கதை அனைத்தையும் சொல்கிறான். வேலன் கடைசிவரை கேட்கிறான். கேட்டுவிட்டு, அப்போதும் அவனைச் சுவாமி என்றே அழைக்கிறான். குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டும் பக்தர் விடுவிக்க மறுக்கும் இந்தக் காட்சிக்கு இணையாக ஆங்கிலத் தொடர்கள் எதிலும் நான் ஒன்றைப் பார்க்கவில்லை. அந்தத் தொடர்கள் மனைவியின் பக்கமும் மகளின் பக்கமும் ஆழமாகப் போயின. ரசிகரைக் கூட்டமாக மட்டுமே காட்டின.

தமிழில் எடுக்கப்படவேண்டிய தொடர் வேலனின் தொடர். ரசிகர் மன்றத் தலைவர் ஒருவர் இருப்பார். கலைஞரின் பிறந்தநாளுக்கு ரத்த தானம் செய்வார், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார், உண்மையிலேயே நல்ல மனிதர். புகார் சொல்லும் பெண் அதே ஊரில் மருமகளாக வந்து, நாற்பது வயதைத் தாண்டி, ஜவ்வரிசி ஆலையிலோ பட்டறையிலோ கணக்கு எழுதிக்கொண்டிருப்பாள். மன்றத் தலைவரின் மனைவி அவளுக்குத் தோழியாக இருக்கலாம். கலைஞர் திரையில் அரை மணி நேரம் வந்தால் போதும். மீதி நேரமெல்லாம் ஊர் என்ன செய்கிறது என்பதுதான் கதை. குற்றம் நடந்ததா இல்லையா என்பதைக் கடைசிப் பகுதிவரை ஒளித்துவைத்து விளையாடவேண்டாம், அது துப்பறியும் கதைக்காரர் வேலை. 'சித்தா' காட்டிய எச்சரிக்கையும் உடனிருக்கட்டும்: பொய்ப் பழி என்ற ஒன்று உண்டு, அதையும் விசாரித்தே அறியவேண்டும், ஆர்ப்பரித்து அன்று.

2024 செப்டம்பரில் தென்னிந்திய நடிகர் சங்கம், பாலியல் குற்றம் உறுதியானால் ஐந்து ஆண்டுகள் திரைத்துறையில் பணியாற்றத் தடை விதிக்கப் பரிந்துரைக்கப்படும் என்று தீர்மானம் போட்டது. நல்லது. சங்கம் தன் வேலையைச் செய்யட்டும், நீதிமன்றம் தன் வேலையைச் செய்யட்டும். எழுத்தாளர்களிடம் நான் கேட்பது வேறு. தொடர் எழுதும் வாய்ப்புள்ளவர்கள், குறிப்பாக இந்த மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் போய் எழுதிக்கொண்டிருப்பவர்கள், அந்த மன்றத் தலைவரின் வீட்டுக்குள் போய் உட்காருங்கள். அவர் உங்கள் அண்ணனாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். அவரை நேசித்துக்கொண்டே எழுதுங்கள், ஆனால் அந்தப் பெண் பேசும்போது அவர் என்ன சொன்னார் என்பதை மாற்றாமல் எழுதுங்கள்.