புதுக் குழாய் வளர்க்கும் ஊசி: வாக்குறுதியும் கணக்கும்

அடைபட்ட இரத்தக்குழாயைச் சுற்றிப் புதுக் குழாய்களை முளைக்கவைத்துவிடலாம் என்ற எண்ணம் மருத்துவ உலகை முப்பது ஆண்டுகளாக மயக்கிவருகிறது. 1989இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா குழுவினர் வி.இ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தனர். குழாயின் உட்சுவரில் படர்ந்திருக்கும் அகப்படலச் செல்களைப் பெருகவும் நகரவும் வைக்கும் புரதம் அது. 1996இல் பாஸ்டனின் ஜெஃப்ரி ஐஸ்னர் குழு, அந்தக் காரணிக்கான மரபணுவைக் கால் தமனியில் செலுத்தப்பெற்ற ஒரு நோயாளியைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதியது. ஆஞ்சியோகிராமில் கிளைக்குழாய்கள் கூடியிருந்தன. அதே காலில் சிலந்தி வடிவ இரத்தக்குழாய்க் கட்டிகளும் வீக்கமும் வந்தன. முதற்பகுதியைக் கொண்டாடியவர்கள் இரண்டாவதைப் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது என் கருத்து.

போலி மருந்தோடு ஒப்பிட்டபோது கதை மாறியது. 178 இதய நோயாளிகளிடம் நடந்த ‘விவா’ சோதனையின் முடிவு 2003இல் வெளியானது. 60ஆம் நாளில், வி.இ.ஜி.எஃப். பெற்றவர்களால் முன்பைவிட 30 விநாடி கூடுதலாக நடக்க முடிந்தது. போலி மருந்து பெற்றவர்களால் 48 விநாடி. நெஞ்சுவலி இரு பக்கமும் குறைந்தது. ஒப்பீடே இல்லாத சின்னச் சின்ன ஆய்வுகளில் முன்பு கண்ட நற்பலனில் பெரும்பங்கு நம்பிக்கையின் பலன்தான் என்று இதிலிருந்து கொள்வதில் தவறில்லை.

எஃப்.ஜி.எஃப்.1 என்ற இன்னொரு காரணியின் வரலாறு இதைவிடப் பாடம் நிறைந்தது. ‘தாலிஸ்மன்’ சோதனையில் 125 பேர். கால் புண் ஆறுவதே அதன் முதன்மை அளவுகோல். அதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் துணை அளவுகோலான கால் நீக்கம் குறைந்திருந்தது. அதையே பிடித்துக்கொண்டு 30 நாடுகளில் 525 பேரிடம் ‘தமாரிஸ்’ சோதனை நடந்தது. 2011இல் வந்த முடிவு: பெரிய கால் நீக்கமோ மரணமோ நேர்ந்தவர்கள் போலி மருந்துப் பிரிவில் 33 சதவீதம், அக்காரணியின் மரபணு பெற்ற பிரிவில் 36. எய்த இலக்கைத் தவறவிட்டு, அம்பு விழுந்த இடத்தில் வட்டம் வரைந்ததன் விலை அது.

அளவு போதவில்லை, நோய் மிக முற்றியவர்களைத் தேர்ந்தார்கள் என்று ஆதரவாளர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அளவைக் கூட்டுவதிலேயே ஆபத்து இருக்கிறது. எலித் தசையில் செய்த ஆய்வுகளில், ஓரிடத்தில் வி.இ.ஜி.எஃப். செறிவு ஒரு வரம்பைத் தாண்டியதும் ஒழுங்கான குழாய்க்குப் பதில் இரத்தக்குழாய்க் கட்டிகள் உண்டாயின. நிலைக்கும் குழாய்க்குச் சுற்றுத்தாங்கிச் செல்கள் வேண்டும். அவற்றை அழைக்க பி.டி.ஜி.எஃப். என்ற வேறொரு காரணி வேண்டும். ஒற்றைக் காரணியால் முழுக் குழாயைக் கட்ட முடியாது. சர்க்கரை நோயாளிக்கோ இன்னொரு சிக்கல்: காலில் விரும்பும் அதே வளர்ச்சி விழித்திரையில் பார்வையைப் பறிக்கிறது.

வளர்ச்சியைத் தடுக்கும் பக்கத்தில்தான் வெற்றிகள். ஸ்டென்ட் வைத்த இடத்தில் மென்தசைச் செல்கள் பெருகி மறுபடி அடைப்பதற்குப் பி.டி.ஜி.எஃப். உள்ளிட்ட காரணிகள் பின்னணி. ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த சிரோலிமஸ், அக்காரணிகளின் கட்டளைகள் செல்லுக்குள் போய்ச் சேரும் வழியை மறிக்கிறது. 238 பேரிடம் நடந்த ‘ராவெல்’ சோதனையில், சாதாரண ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 26.6 சதவீதம் மறு அடைப்பு. மருந்து பூசிய ஸ்டென்டில் ஒன்றுமில்லை. குறை இல்லாமல் இல்லை: அகப்படலம் ஆறுவதையும் அம்மருந்து தாமதப்படுத்தியதால், தாமதமாக இரத்தம் உறையும் ஆபத்து வந்தது. கண்ணில் வி.இ.ஜி.எஃபை முடக்கும் ரானிபிசுமாப், 2006 முதல் மாகுலா சிதைவில் பலரின் பார்வையைக் காத்திருக்கிறது.

ஆக, காரணிகளைப் பற்றிய அறிவியல் சரி. அவற்றை ஊசியில் ஏற்றி அடைப்பைத் தீர்க்கும் சிகிச்சை இன்னும் தேறவில்லை. கால் அடைப்புக்குப் ‘புதுக் குழாய் வளர்க்கும் ஊசி’ என்று யாராவது விலை பேசினால், போலி மருந்தோடு ஒப்பிட்ட பெரிய சோதனையில் அது கால் நீக்கத்தைக் குறைத்ததா என்று கேளுங்கள். ஆஞ்சியோகிராம் படத்தை மட்டும் காட்டினால் சம்மதிக்காதீர்கள்.