அரவும் அச்சமும்

‘பாம்பென்றால் படையும் நடுங்கும்’ என்பது பழமொழி. படை நடுங்குமோ, அறியேன். வீடு நடுங்கும் என்பதை அறிவேன். நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்சிரங்குளத்தில், மரச்சீனி விளைகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவன் யான். அந்தி மயங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ‘பாம்பு’ என்னும் சொல்லை எவரும் உரையார். ‘பூச்சி’ என்றே கூறுவர். படமெடுக்கும் கொடிய நாகத்தையும் ‘நல்ல பாம்பு’ என்று பெயரிட்டு அமைதிப்படுத்த முயன்றவர்கள் நம் முன்னோர். சொல்லுக்கே இத்துணை அச்சமெனில் பொருளுக்கு எத்துணை அச்சம் இருத்தல் வேண்டும்!

எங்கள் ஊர்ப்பெயரிலேயே நஞ்சு உண்டு. காஞ்சிரம் என்பது எட்டி மரம். அதன் வித்து உயிரைப் போக்க வல்லது. ஆயினும் காஞ்சிரத்தைக் கண்டு அலறி ஓடியவர் எவரையும் யான் கண்டதில்லை. அதன் நிழலில் ஆடு கட்டுவோம்; அதனடியில் நின்று ஊர்க்கதை பேசுவோம். எனவே, நஞ்சு ஒன்று மட்டுமே அச்சத்திற்குக் காரணம் அன்று என்பது பெறப்படும். பின் எதுதான் காரணம்? இவ்வினாவிற்கு நம் இலக்கியங்கள் என்ன விடை தருகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். யான் தமிழ்ப் பேராசிரியன் அல்லேன். நடுவணரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு நாள் கழிக்கும் எழுத்தன். பிழை காணின் புலவர் பெருமக்கள் பொறுத்தருள்வாராக.

வள்ளுவர் காட்டும் மூன்று பாம்புகள்

திருக்குறளில் பாம்பு மூன்று இடங்களில் நம் கருத்தை ஈர்க்கின்றது. படைமாட்சி அதிகாரத்தில் (763), எலிகள் கடல்போல் திரண்டு ஆரவாரித்தாலும் நாகத்தின் ஒரு மூச்சுக்கு அவை நில்லா என்கிறார் வள்ளுவர். அங்கே நாகம் வீரனுக்கு உவமை, அதனைப் படிக்கும்போது நாம் நாகத்தின் பக்கமே நிற்கிறோம், அஞ்சுவதில்லை. அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் (1146) திங்களைப் பற்றிய பாம்பு வருகின்றது. அது வானத்துக் கதைப் பாம்பு. ஊரார் வாயில் பரவும் அலருக்கு உவமை. அங்கும் அச்சமில்லை.

மூன்றாவது பாம்போ உட்பகை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (890) இருக்கின்றது. மனம் ஒவ்வாதவரோடு கூடி வாழ்தல், ஒரு சிறு குடிலுக்குள் பாம்போடு உடன் உறைவது போன்றது என்பது அதன் கருத்து. இங்கேதான் உடல் சிலிர்க்கின்றது. ஏன்? மூன்றிலும் பாம்பு ஒன்றே. மாறியது இடம். போர்க்களத்துப் பாம்பு வெளிப்பட்டு நிற்கின்றது. வானத்துப் பாம்பு எட்டாத் தொலைவில் இருக்கின்றது. குடிலுக்குள் இருக்கும் பாம்போ, இருக்கின்றது என்று தெரிகின்றது, எங்கே இருக்கின்றது என்று தெரியவில்லை. வள்ளுவர் இதனைப் பகைமாட்சியில் வையாது உட்பகையில் வைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. மறைவும் அண்மையும் ஒருங்கு சேர்ந்தவிடத்தே பாம்பச்சம் பிறக்கின்றது என்பதே இவ்வைப்பு முறையால் யான் பெறும் முடிவு. ஓரிடத்தில் அசையாது நிற்கும் காஞ்சிரத்திற்கு நாம் அஞ்சாமைக்கும் விடை இதுவே.

சங்கப் பாடலில் அச்சம்

அகப்பாடல்களில் இரவுக்குறிக்கு வரும் தலைவனின் வழியில் யானையும் புலியும் பாம்பும் இருத்தல் வழக்கமான காட்சி. குறுந்தொகை 158ஆம் பாடலில் ஔவையார், மலைப்பக்கத்துப் பாம்புகள் மாளுமாறு இடிக்கும் இடியோடு வரும் பெருமழையை நோக்கித் தலைவியைப் பேச வைக்கின்றார். உனக்கு இரக்கமில்லையோ என்று மழையை அவள் வினவுகிறாள். பாம்புக்குப் புறச்செவியும் செவிப்பறையும் இல்லை. நிலத்தின் அதிர்வையே அது பெரிதும் உணர்கின்றது என்பது இன்றைய உயிரியல். ஆகவே இடியோசை கேட்டுப் பாம்பு இறக்கும் என்பதை உண்மையாகக் கொள்ள வேண்டுவதில்லை. கவிதையில் அதன் வேலை வேறு. எல்லாரையும் நடுங்கச் செய்யும் பாம்பையே நடுங்கச் செய்யும் இடி என்றால், தனியே வரும் தலைவன் என்னாவான்? தலைவி தனக்காக அஞ்சவில்லை, வருபவனுக்காக அஞ்சுகிறாள். தமிழ் இலக்கியத்தில் பாம்பச்சம் பெரும்பாலும் பிறருக்காகப் படும் அச்சமாகவே அமைந்திருக்கின்றது. பிள்ளை விளைக்குள் இறங்கும்போது தாய் படும் அச்சமும் அதுவேயன்றோ!

பெரியபுராணமும் ஒரு மரணமும்

இனிப் பெரியபுராணத்திற்கு வருவோம். பாம்பு தீண்டி மாண்டவர் உயிர்பெற்ற நிகழ்ச்சிகள் மூன்றனைச் சேக்கிழார் பாடியுள்ளார். திங்களூரில் அப்பூதி அடிகளின் மகன் வாழைக்குருத்து அரியச் சென்ற தோட்டத்தில் தீண்டப்பட்டான். மயிலையில் பூம்பாவை மலர் கொய்யும்போது தீண்டப்பட்டாள். திருமருகலில் வழிப்போக்கனாகிய வணிகன் உறங்கும்போது தீண்டப்பட்டான். தோட்டம், பூஞ்செடி, உறக்கம். இன்றும் சிற்றூர்களில் பாம்புக்கடி நிகழும் இடங்கள் இவையே. அற்புதத்தைப் பாடிய புலவர், அந்த அற்புதம் நிகழ்ந்த சூழலைத் தம் மக்களின் அன்றாட வாழ்விலிருந்தே எடுத்துள்ளார்.

இவ்விடத்தில் என் சொந்த வாழ்விலிருந்து ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. என் பள்ளிப் பருவத்தில், ஓர் ஆனி மாத இரவு, மழைக்காக எல்லாரும் ஒரே அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். விடியலில் என் அத்தை மகன் வயிற்றுவலி என்றான். அவனுக்கு அப்போது 12 வயது. சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். கண்ணிமை தூக்க முடியவில்லை என்றான். உறக்கம் தெளியவில்லை என்றார்கள். நாக்குக் குழறிய பின்னரே விஷகாரியிடம் தூக்கிச் சென்றார்கள். அவர் மந்திரிக்கத் தொடங்குமுன் மூச்சு அடங்கிற்று. மாலையில் பாயைச் சுருட்டும்போது அதன் மடிப்பில் கட்டுவிரியன் கிடந்தது. அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல்தடமும் தெளிவாகத் தெரிவதில்லை. முதலில் வயிற்றுவலியும் இமைச் சோர்வும் தோன்றிப் பின் மூச்சுத் தசைகள் செயலிழக்கும் என்பதையெல்லாம் யான் பல்லாண்டு கழித்தே படித்தறிந்தேன். அந்தியில் பாம்பின் பெயரைக்கூடச் சொல்ல அஞ்சிய எங்கள் வீடு, அஞ்ச வேண்டிய அந்த ஒரு காலைப்பொழுதில் அஞ்சவில்லை. பாம்பைக் கண்ணால் காணவில்லை. ஆதலால் அச்சமும் வரவில்லை.

துக்கம் கேட்க வந்த முதியவர் ஒருவர், “திங்களூர்ப் பிள்ளைக்கு அப்பர் இருந்தார், நம் பிள்ளைக்கு யார் இருந்தார்?” என்றார். அச்சொல் என்னுள் தைத்தது. நெடுங்காலம் பெரியபுராணத்தின் மீதே எனக்குச் சினம் இருந்தது. மந்திரத்தை நம்பி மக்கள் காலந்தாழ்த்துவதற்கு இத்தகைய கதைகளே காரணம் என்று வாதிட்டு வந்தேன். இன்றும் அவ்வாறு வாதிடுவோர் உளர்.

ஆனால் நாற்பது வயதிற்குப் பின் அப்பகுதியை மீண்டும் படித்தபோது வேறொன்று புலப்பட்டது. தீண்டப்பட்ட சிறுவன், அடியார் அமுது செய்யக் காலந்தாழும் என்று அஞ்சித் தன்னைப் பாம்பு கடித்ததை மறைக்கிறான். பெற்றோரும் அதே காரணத்தால் உடலை மறைக்கின்றனர். திருநாவுக்கரசர் மகன் எங்கே என்று கேட்டு, உண்மையை வெளிக்கொணர்ந்த பின்னரே பதிகம் பிறக்கின்றது, பிள்ளை எழுகிறான். மறைத்தவரைக்கும் இறப்பு, வெளிப்பட்ட பின் உயிர்ப்பு. சேக்கிழார் பத்திமையின் பெருமையைப் பாடவே இதனை அமைத்தார் என்பதில் ஐயமில்லை. எனினும் கதையின் அமைப்பு, மறைவே நஞ்சினும் கொடியது என்பதையும் உடன் கூறுகின்றது. குறள் 890இல் கண்ட அதே மறைவு இது. புராணத்தை மருத்துவ நூலாகப் படித்தது படித்தவர் குற்றம். பாடியவர் குற்றம் அன்று.

கீரிப்பிள்ளையும் சாதுவனும்

அச்சத்தால் விளையும் கேட்டினைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. பிள்ளையைத் தீண்ட வந்த பாம்பைக் கொன்று, குருதி படிந்த வாயோடு எதிர்வந்த கீரியைப் பார்ப்பனி ஒருத்தி பிறழ உணர்ந்து கொன்றாள். அப்பழி தீரக் கோவலன் பொருள் கொடுத்து உதவிய செய்தி அடைக்கலக் காதையில் வருகின்றது. அச்சம் கண்ணை மறைக்கும்போது காவலனே பகைவனாகத் தோன்றுகிறான். இன்றும் நஞ்சில்லாச் சாரைப்பாம்பு எலிகளை உண்டு வயலைக் காக்கின்றது. அதனைக் கண்ட மாத்திரத்தில் அடித்துக் கொல்கிறோம். நாமும் அப்பார்ப்பனியின் நிலையிலேயே இருக்கிறோம்.

இதற்கு மாற்றை மணிமேகலை கூறுகின்றது. ஆதிரை பிச்சையிட்ட காதையில், கப்பல் உடைந்து நாகர் வாழும் மலையில் ஒதுங்குகிறான் சாதுவன். அந்நாகர் பாம்புகள் அல்லர். மனிதரைத் தின்னும் மனிதர். அவன் பிழைத்தது வாள்வலியால் அன்று. அவர்களுடைய மொழியை அவன் அறிந்திருந்தமையால். பேச்சு தொடங்கியதும் கொலை நின்றது. அறிதல் அச்சத்தை வெல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் காப்பியங்களில் யான் கண்டதில்லை.

சாதுவனின் வழியை நம் காலத்தில் மெய்ப்பித்தவர் இருளர் குடி மக்கள். தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்து வந்த அவர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வாழ்வழி இழந்தனர். 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைக் கொல்லாது நஞ்சு எடுத்து மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைக் கொண்டே குதிரைகளின் வழியாக நச்சு முறிமருந்து ஆக்கப்படுகின்றது.

அறிவியலார் கூறுவது

1872இல் வெளியிட்ட நூலில் சார்லஸ் டார்வின் தம் அனுபவம் ஒன்றைக் கூறுகிறார். இலண்டன் விலங்குக் காட்சியகத்தில், தடித்த கண்ணாடிக்கு அப்பால் இருந்த நச்சுப்பாம்பு சீறினால் பின்வாங்குவதில்லை என்று உறுதி பூண்டு நின்றார். அது சீறியதும் உறுதி பறந்தது. அவர் பின்னே தாவினார். அறிவுக்கு முன்னரே உடல் அஞ்சுகின்றது என்பது இதனால் விளங்கும்.

சென்ற நூற்றாண்டின் எண்பதுகளில் அமெரிக்க உளநூலார் சூசன் மினேக்காவும் அவருடைய குழுவினரும் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தனர். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. அஞ்சும் பிற குரங்கைப் பார்த்த பின்னரே அஞ்சின. ஆயினும் பூவைக் கண்டு அஞ்சுவதுபோல் காட்சியைத் தொகுத்துக் காட்டியபோது, பூவுக்கு அஞ்ச அவை கற்கவில்லை. ஆகவே அச்சம் முழுதும் பிறவியில் வருவதன்று. ஆயின் பாம்பச்சத்தைக் கற்கும் ஆயத்தம் பிறவியிலேயே இருக்கின்றது. வித்து உள்ளே இருக்கின்றது. அதற்கு நீர் வார்ப்பவர் நம் பெற்றோர். அந்தியில் ‘பூச்சி’ என்று குரல் தாழ்த்திய என் தாய் எனக்குக் கற்பித்தது ஒரு சொல்லை மட்டும் அன்று.

காவும் கோயிலும்

அச்சமே வழிபாட்டிற்கு வித்து என்று கூறுவோர், நாகர்கோவில் நாகராசர் கோயிலையும் கேரளத்துப் பாம்புக் காவுகளையும் சான்று காட்டுவர். அது பாதி உண்மையே. நாகராசர் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரை. ஆண்டுதோறும் புதிய ஓலை வேய்கின்றனர். அங்குத் தரப்படும் பிரசாதம் புற்றுமண். காவிலோ, மரம் வெட்டாது, இலை பறியாது, ஒரு துண்டு நிலம் பாம்புக்கென்று விடப்படுகின்றது, ஆயில்ய நாளில் விளக்கு வைப்பர், புள்ளுவர் பாடுவர். அச்சம் அங்கே கொலைக்கருவியாக மாறாது எல்லைக்கோடாக மாறியிருக்கின்றது. ‘இது உன் இடம், அது என் இடம்’ என்னும் உடன்பாடு அது. நாகம் தந்த ஆடையை ஆலமர் கடவுளுக்கு ஈந்தவன் ஆய் என்று சிறுபாணாற்றுப்படை கூறும். ஆய் என்னும் குடிப்பெயர் தாங்கிய அரசர் பிற்காலத்தில் எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள விழிஞத்தைத் தம் அரணாகக் கொண்டிருந்தனர். நாகத்திடம் பரிசு பெற்ற குடியின் மண்ணில் அச்சம் மட்டுமே இருந்தது என்று கூறுதல் பொருந்துமா?

முடிவுரை

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இறப்பைப் பாதியாகக் குறைக்க 2024இல் நடுவணரசு செயல்திட்டம் வகுத்தது. எனவே பாம்புக்கு அஞ்சாதீர் என்று கூறுதல் அறிவுடைமை ஆகாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதே அறிவுடையார் செயல் என்பது குறள் 428இன் கருத்து. எதற்கு அஞ்சுவது, எவ்வாறு அஞ்சுவது என்பதே வினா. இருளில் வெறுங்காலோடு நடக்க அஞ்சுக. தரையில் வலையின்றி உறங்க அஞ்சுக. காரணமறியா விடியல் வயிற்றுவலிக்கும் இமைச்சோர்வுக்கும் அஞ்சி, அந்நொடியே மருத்துவமனைக்குச் செல்க. வரப்பில் ஊர்ந்து செல்லும் சாரைக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

சுந்தர காண்டக் கடவுள் வாழ்த்தில் கம்பர், மாலையில் தோன்றும் பொய்ப்பாம்பை உலகத் தோற்றத்திற்கு உவமையாக வைத்தார். விளக்கு வந்தால் பொய்ப்பாம்பு மறையும். அதே விளக்கு மெய்ப்பாம்பையும் காட்டும். எங்கள் சிற்றூரில் அந்நாளில் இரவில் புறப்படுவோர் தென்னோலைச் சூட்டு கொளுத்திச் செல்வர். அந்த ஒளியில் நடந்தவர் அச்சமற்றவர் அல்லர். அச்சத்தை முறையாகப் பயன்படுத்தியவர். என் அத்தை மகன் கிடந்த பாயின் அருகே அன்று விடியலில் எவரேனும் ஒரு விளக்கைக் கொண்டு வந்திருந்தால், அவனும் இன்று இம்மலரைக் கையில் ஏந்திப் படித்திருப்பான்.