மேடில்லாத நாட்டில் மவுண்டன் பைக்

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வடபிரான்சின் லீல் நகரத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கண்ணுக்கு எட்டியவரை சமதரை. உருளை, பீட்ரூட், கோதுமை வயல்கள்; நடுநடுவே செங்கல் வீடுகள்; தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். தெற்கே மோன்ஸ்-ஆன்-பெவேல் என்ற கிராமம் 107 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் இயற்கை தந்த மேடு என்றால் அதுதான்.

ஆனாலும் இந்த நாட்டைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்று அடித்துச் சொல்வேன். இங்கே நிலத்தில் இருக்கும் ஏற்ற இறக்கம், நீர், பாதை எல்லாவற்றிலும் மனிதக் கை பட்டிருக்கிறது. கால்வாயை வெட்டினார்கள், குன்றைக் குவித்தார்கள், கல்லைப் பதித்தார்கள், ஏரியைத் தோண்டினார்கள். டயருக்குக் கீழே இருப்பதை யார், எதற்காகச் செய்தார்கள் என்று தெரிந்து மிதித்தால் சமதரை சலிக்கவே சலிக்காது. அந்த இடங்களுக்குள் போக மண்ணும் கல்லும் சேறும் தாங்குகிற அகலமான டயர் வேண்டும்.

எனவே முதல் வேலை, காற்றைக் கொஞ்சம் இறக்குவது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்கு அடித்துக்கொண்டு போனால் எல்லாத் தரையும் ஒரே மாதிரி அதிரும். 2.2 அங்குல டயர், எழுபது கிலோ எடை என்றால் 30 பி.எஸ்.ஐ. அளவில் ஆரம்பித்துப் பாருங்கள். அதற்கும் ரொம்பக் கீழே போனால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி பஞ்சராகும். சரியான அளவில் டயர் தரையைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல ஆரம்பிக்கும். தாரில் மெல்லிய ரீங்காரம். கால்வாய்க் கரையின் பொடிக்கல்லில் சரசரவென்ற சத்தம். களிமண்ணில் சத்தமே இருக்காது, வண்டி மட்டும் கனக்கும். சில பாதைகள் செங்கல் பொடி தூவியதுபோல் சிவந்திருக்கும். அது செங்கல் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த கறுப்புக் கழிவுக்கல், குவியலுக்குள்ளேயே தானாகப் பற்றி எரிந்து சிவந்தது. அதை அள்ளிவந்து பாதையில் கொட்டியிருக்கிறார்கள். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சுரங்கத்தின் கதை உங்கள் டயரில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆரம்பிக்க நல்ல இடம் ரூபே கால்வாய். லீலுக்கு வடக்கே மார்க்கெத்தில் டூல் ஆற்றிலிருந்து பிரிந்து, ரூபே நகரை ஒட்டிப் போய், எல்லை தாண்டி பெல்ஜியத்துக் கால்வாயோடு சேர்ந்து எஸ்கோ ஆற்றை அடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரூபேயின் கம்பளி ஆலைகளுக்கு நிலக்கரியும் தண்ணீரும் கொண்டுவர வெட்டியது. ஆலைகள் நொடித்துப்போன பிறகு 1985-இல் படகுப் போக்குவரத்து நின்றது. தூர்ந்து நாறிக் கிடந்ததை இரு நாடுகளும் சேர்ந்து தூர்வாரி, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மறுபடி படகு விட்டன. இன்று கரைப்பாதையில் ஒரு பக்கம் நாமக்கோழிகள், மறுபக்கம் ஆலைகளின் நெடிய செங்கல் சுவர்கள்.

வழியில் முதல் லாக் வந்ததும் கட்டாயம் இறங்குங்கள். இறங்காமல் கடந்தால் கால்வாயைப் பார்த்ததாகவே கணக்கில்லை. இரண்டு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுகிறார்கள். முன்கதவுக்குள் இருக்கும் சிறு மடையைத் திறந்தால் மேல்மட்டத்துத் தண்ணீர் பொங்கிப் பொங்கி உள்ளே புகும். படகு சுவரை ஒட்டி அங்குலம் அங்குலமாக ஏறும். இரு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை முன்கதவை யானை கட்டி இழுத்தாலும் திறக்க முடியாது. வந்துவிட்டாலோ ஓர் ஆள் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் போதும். மோட்டார் வேண்டாம், தண்ணீரின் எடையே வேலை செய்கிறது. கதவுகள் ஏன் நேர்கோட்டில் மூடாமல் நடுவில் கூராக, மேல்தண்ணீரைப் பார்த்து முட்டிக்கொண்டு நிற்கின்றன என்றும் கவனியுங்கள். தண்ணீர் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுகும்.

பிரான்சின் பழைய கால்வாய்களில் பெரும்பாலான லாக்குகள் ஒரே அளவில் இருப்பது 1879-ஆம் ஆண்டுச் சட்டத்தால். பொதுப்பணி அமைச்சராக இருந்த சார்ல் தெ ஃபிரெய்சினே, 38.5 மீட்டர் நீளப் படகு நுழையும்படி லாக்குகளை அமைக்கச் சொன்னார். அந்த அளவுக்குத் தக்கபடிதான் பெனிஷ் என்கிற சரக்குப் படகுகளைக் கட்டினார்கள். இன்று அவற்றில் பல வீடுகளாகிவிட்டன. ஜன்னலில் திரைச்சீலை, கூரையில் பூந்தொட்டி, பக்கத்தில் சாய்த்துவைத்த சைக்கிள். டூல் ஆற்றின் பக்கம் போனால் இன்னும் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய படகுகளைப் பார்க்கலாம். அவை கடந்து சில விநாடிகள் கழித்துத்தான் அலை வந்து கரையில் அறையும்.

கரைப்பாதை என்பது ஒருகாலத்தில் படகை இழுத்துக்கொண்டு நடந்தவர்களின் பாதை. குதிரை இழுத்தது, குதிரைக்கு வழியில்லாத குடும்பத்தில் ஆணும் பெண்ணும் மார்பில் பட்டையை மாட்டிக்கொண்டு இழுத்தார்கள். பாதை இவ்வளவு சமமாக, தண்ணீருக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதன் காரணம் அதுதான். நீங்கள் சுகமாக மிதித்துப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் யாரோ பாரம் இழுத்துக் கடந்திருக்கிறார்கள். மணிக்கு பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இங்கே வேகம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அது ஒரு காரணம். மீன்பிடிப்பவர்கள் இன்னொரு காரணம். அவர்கள் தூண்டில் கழி பத்து மீட்டருக்கும் மேல் நீளும். மீன் மாட்டியதும் கழியை உயர்த்தாமல் பின்பக்கமாக, பாதைக்குக் குறுக்கே வழுக்கி இழுப்பார்கள். மணியை அடித்து விரட்டாதீர்கள். நின்று, கழி திரும்பிப் போகும்வரை காத்திருந்து, ஒரு ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுப் போங்கள். என்ன மீன் என்று பெரும்பாலும் அவர்களே காட்டுவார்கள்.

ரூபேயில் பார்பியூ பூங்காவுக்குப் போகாமல் திரும்பக் கூடாது. அதன் பள்ளமும் சரிவும் நீண்ட குளமும் யாரோ ரசனையோடு வரைந்தவை என்றுதான் தோன்றும். பாதி உண்மை. முதலில் அங்கே தோண்டியது கால்வாய்க்காக. மேட்டைக் குடைந்து கால்வாயைக் கொண்டுபோகப் பார்த்தார்கள். மண் சரிந்துகொண்டே இருந்தது. வேலையைக் கைவிட்டு வேறு பக்கம் சுற்றிக்கொண்டு போனார்கள். மிச்சம் கிடந்த பள்ளத்தில்தான் பின்னால் பூங்கா அமைத்தார்கள். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதே அழகு.

லீலுக்குத் தெற்கே டூல் பூங்காவில் இதே கதை வேறு மாதிரி. லீலுக்குக் குடிநீர் தரும் நிலத்தடி ஊற்றுகள் அங்கே இருப்பதால் கட்டடம் எழுப்பத் தடை. அந்த நிலத்தைச் சதுப்பும் புல்வெளியும் மரப்பாலமுமாக மாற்றி 2004-இல் திறந்தார்கள். அதிலேயே மொசாயிக் என்ற தோட்டம் இருக்கிறது. இந்தப் பகுதிக்குப் பிழைக்க வந்த பல நாட்டு மக்களின் பண்பாடுகளுக்கு ஒவ்வொரு பகுதி. கிழக்கே வில்நூவ் தாஸ்க்கில் இருக்கும் ஏரோன் ஏரி, 1970-களில் புதுநகரம் கட்டியபோது மழைநீரைப் பிடிக்கத் தோண்டியது. அங்கே கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திவைத்துத் தண்ணீரைப் பாருங்கள். சாம்பல் நாரை, தாழைக்கோழி, நாமக்கோழி, நீல மின்னலாகக் கடக்கும் சிறு மீன்கொத்தி எல்லாம் நம் ஏரிகளில் பார்க்கும் அதே இனங்கள். வேடந்தாங்கலில் பறவை பார்த்துப் பழகியவருக்கு இங்கே பாதிப் பெயர்கள் ஏற்கெனவே தெரியும்.

இனி கல்சாலை. 1896-இல் தொடங்கிய பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் பவே என்கிற இந்தக் கருங்கல் பாதைகளால்தான் உலகப் புகழ் பெற்றது. ‘வடக்கின் நரகம்’ என்று அதற்கு ஒரு பெயர். கல்லைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. 1919-இல், முதல் உலகப் போர் சிதைத்துப்போட்ட ஊர்கள் வழியாகப் பாதை பார்க்கப் போனவர்கள் கண்டதை வைத்து வந்தது. கல்பாதைகளில் பேர்போனது ஆரென்பெர்க் காட்டுக்குள் சுமார் 2.3 கிலோமீட்டர் நேராகப் போவது. 1968-இல் அதைப் பந்தயத்தில் சேர்க்கச் சொன்னவர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, 1962-இன் உலக சாம்பியன். இளவயதில் ஆரென்பெர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கல்பாதைக்கு அடியிலும் உழைத்து, அதன் மேலேயும் சைக்கிள் ஓட்டியவர் அவர் ஒருவரே என்று சொல்வார்கள்.

அங்கே ஓட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பாதையின் நடுமுதுகு உயர்ந்திருக்கும், அதன்மேலேயே போங்கள். ஓரத்தில் கற்கள் சரிந்து இடைவெளி விட்டிருக்கும். கியரைக் கொஞ்சம் கூட்டி, ஒரே சீராக மிதியுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் அதிர்வு தோள்வரை ஏறும். தளர்வாகப் பிடித்தால் வண்டி தானே வழி தேடிக்கொள்ளும். கல்லின் மேல் பிரேக் வேண்டாம். மெல்லப் போனால் அதிகம் குலுங்கும், கொஞ்சம் வேகம் கொடுத்தால் குலுக்கல் குறையும் என்பது நம்பக் கடினமாக இருந்தாலும் நிஜம். மழை பெய்திருந்தால் ஓட்டாதீர்கள். ஈரக் கல் பாசிபோல் வழுக்கும். பக்கத்து மண்பாதையில் போய்விட்டு, கற்களைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொன்றின் தலையும் தேய்ந்து உருண்டிருக்கும். பந்தயத்தில் ஜெயிப்பவருக்குத் தரும் பரிசும் இப்படி ஒரு கல்தான்.

தென்மேற்கே லான்ஸ் பக்கம் அடிவானத்தில் கூம்புகள் தெரியும். சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த குன்றுகள். லோஸ்-ஆன்-கொஎல் ஊரின் இரட்டைக் குன்றுகள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 186 மீட்டர், மோன்ஸ்-ஆன்-பெவேலைவிட உயரம். வடபிரான்சின் சுரங்க வட்டாரத்தில் நிலக்கரி முதலில் கிடைத்தது 1720-இல். கடைசி நிலக்கரி மேலே வந்தது 1990-இல். 2012-இல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க வட்டாரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நிலக்கரி ரயில் ஓடிய தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டுப் பாதையாக்கியிருக்கிறார்கள். ரயிலுக்குப் போட்ட சரிவு என்பதால் ஏற்றம் காலுக்கே தெரியாது. மவுண்டன் பைக்குக்கு இதைவிட இதமான வழி இல்லை. குன்றின் அடியில் வண்டியைப் பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். சரிவில் சக்கரம் உருண்டால் மண் அரிக்கும். கறுப்புக் கல்லுக்கு நடுவே வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள் தாமாக முளைத்திருக்கும். சில குன்றுகளின் வயிற்றில் இன்னும் சூடு இருக்கிறது. உச்சியிலிருந்து பார்க்கும்போது, கீழே வரிசை வரிசையாகத் தெரியும் சுரங்கத் தொழிலாளர் வீடுகளைப் போன்ற எத்தனை வீடுகள் 1906-இல் இருண்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச் 10-ஆம் தேதி அருகில் கூரியேர் சுரங்க வெடிப்பில் 1,099 பேர் இறந்தார்கள்.

இந்தியர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் லா பாசே கால்வாய்க் கரையிலிருந்து சற்றே விலகி, ரிஷ்பூரில் உள்ள நூவ் ஷாப்பேல் நினைவிடத்துக்கும் மிதிக்க வேண்டும் என்பது என் கட்சி. 1915 மார்ச்சில் இங்கே நடந்த சண்டையில் இந்தியப் படையினர் பெரும் அளவில் பங்கெடுத்தார்கள். 1927-இல் எழுப்பிய வட்டச் சுவரில், கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள். நடுவே உயரமான கல்தூண், அதன் அடியில் இரண்டு புலிகள். சுற்றிலும் அதே சமதரை. இந்த ஊரின் சேறு அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது, மழைநாளில் வயலோரம் வண்டியை ஓட்டி, களிமண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்துச் சக்கரமே நின்றுபோனவருக்குக் கொஞ்சம் புரியும்.

சாப்பாட்டை வழியில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்தமினே என்ற பழைய பாணிக் கிராமத்து உணவுக்கடைகளில் மர்வால் சீஸ் வைத்துச் சுட்ட தார்த் என்ற பண்டமும் உருளை வறுவலும் கிடைக்கும். மர்வால் மணம் தூக்கலாக இருக்கும், பயப்படாதீர்கள். பாரிஸ்–ரூபே பாதையில் வரும் ஓர்ஷி ஊர் சிக்கரிக்குப் பேர்போனது. நம் ஃபில்டர் காபிப் பொடியில் கலக்கும் அதே வேர்தான்; அங்கே காபி இல்லாமல் தனியாகவும் குடிக்கிறார்கள். கோடையில் சாலையோரம் காட்டுச் சிக்கரி வெளிர்நீலமாகப் பூத்திருக்கும். நண்பகலுக்குப் பிறகு பூக்கள் கூம்பிவிடும், காலையிலேயே பாருங்கள்.

கிளம்பும் நாளில் பார்க்க வேண்டியது மழையை அல்ல, காற்றை. தடுக்க மலை இல்லாத நாடு. பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும். கால் தெம்பாக இருக்கும் காலையில் காற்றை எதிர்த்துப் போய், மாலையில் அது முதுகைத் தள்ளத் திரும்புங்கள். அல்லது லீலில் ரயிலேறி லான்ஸில் இறங்கி, கால்வாய் வழியாகவே திரும்பலாம். வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றலாம், அலுவலக நேரத்துக் கூட்டத்தை மட்டும் தவிருங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முப்பது, நாற்பது கிலோமீட்டரை ஒரு முழுநாளுக்கு நீட்டிக்கொள்ளலாம்.